எண்ணத்திலிருந்து மெய்க்கு: நியூமனின் இரு நூல்கள்

ஞாயிறுதோறும் மறையுரை முடிந்ததும் நாம் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்கிறோம். சிறு வயதிலேயே மனப்பாடமாகிவிட்ட வாசகங்கள் அவை. நா அவற்றைத் தானாகவே சொல்லிக்கொண்டு போகும். மனமோ வேறெங்கோ உலவும். மதியச் சமையல், கோவிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்த வண்டி, நாளை கட்டவேண்டிய பள்ளிக் கட்டணம் என்று எத்தனையோ நினைவுகள் அந்தச் சில நிமிடங்களில் வந்து போகும். 'ஆமென்' என்று முடித்து அமரும்போது, "இப்போது எதை நம்புவதாகச் சொன்னீர்கள்?" என்று எவரேனும் கேட்டால் சற்றே திகைப்போம். நாம் பொய் சொல்லவில்லை. அந்த அறிக்கையின் ஒரு வரியையேனும் மறுக்க நாம் துணியமாட்டோம். ஆயினும் உணர்ந்தே சொன்னோம் என்று நெஞ்சில் கைவைத்துக் கூறவும் இயலாது. மறுப்பும் இல்லாத, பற்றுதலும் இல்லாத இந்த நிலைக்கு என்ன பெயர்?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவர் ஜான் ஹென்றி நியூமன். 1801இல் இலண்டனில் பிறந்தவர். ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவாகவும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மறையுரையாளராகவும் விளங்கி, 1845இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். 1879இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவரைக் கர்தினால் ஆக்கினார். 1890இல் அவர் இறந்தார். 2019 அக்டோபர் 13 அன்று புனிதராக அறிவிக்கப்பெற்றார். 2025 நவம்பர் 1 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். புனிதர், மறைவல்லுநர் என்னும் பட்டங்களைக் கேட்டதும் நாம் வணங்கிவிட்டு விலகிப் போய்விடுவதுண்டு. அவருடைய நூல்களோ விலகிப் போகவிடாதவை. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1864இல் வெளிவந்த 'அப்பொலோகியா' என்னும் தன்வரலாறு. மற்றொன்று, 1870இல் வெளிவந்த 'இசைவின் இலக்கணம்' என்று நாம் தமிழில் அழைக்கக்கூடிய மெய்யியல் நூல்.

தாக்குதலுக்கு விடையாக ஒரு வாழ்வு

'அப்பொலோகியா' ஓர் அவமதிப்பிலிருந்து பிறந்தது. 1864 சனவரியில் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் நாவலாசிரியர் ஓர் ஆங்கில இதழில் எழுதிய மதிப்புரை ஒன்றில், உண்மையை உண்மைக்காகவே போற்றும் பண்பு கத்தோலிக்கக் குருக்களிடம் இல்லை என்றும், நியூமனே அதற்குச் சான்று என்றும் போகிற போக்கில் குத்திவிட்டுப் போனார். நியூமன் கத்தோலிக்கராகி அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய நண்பர்கள் பிரிந்துவிட்டார்கள். புதிய சபையிலும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். இருபுறமும் நம்பப்படாத மனிதர் ஒருவர், தாம் நேர்மையாளர் என்பதை எப்படி மெய்ப்பிப்பது?

தர்க்கத்தால் மெய்ப்பிக்க முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். "நான் பொய்யன் அல்லன்" என்று எத்தனை வாதங்களை அடுக்கினாலும், பொய்யன் ஒருவனும் அதே வாதங்களை அடுக்கக்கூடும் அல்லவா? ஆகவே தம் மனம் நடந்துவந்த வழியை முழுவதும் திறந்து காட்டுவதென்று முடிவு செய்தார். வாரம் ஒரு பகுதியாக, ஏப்ரல் 21 முதல் சூன் 2 வரை, ஏழு பகுதிகள் வெளிவந்தன. மேசை முன் நின்றபடியே, அழுதுகொண்டே எழுதியதாக அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம். நூல் வெளிவந்தபின் ஆங்கிலேயச் சமூகத்தின் பார்வையே மாறியது. கத்தோலிக்க மறையை ஏற்காதவர்கள்கூட அம்மனிதரின் நேர்மையை ஏற்றார்கள்.

இந்நூலைக் கையில் எடுப்பவர் எவரும் முதலில் ஏமாற்றம் அடைவார் என்பதே நம் கணிப்பு. மனமாற்றக் கதைகளில் நாம் எதிர்பார்க்கும் மின்னல் வெட்டு இதில் இல்லை. புனித பவுலைப் போலக் கீழே விழுந்து எழவில்லை. அதற்கு மாறாக, பழைய திருச்சபைத் தந்தையரின் ஏடுகளைப் படிக்கும் ஓர் அறிஞர், ஆண்டுக்கு ஓர் அங்குலமாக நகர்வதையே காண்கிறோம். பதினைந்தாம் வயதில், 1816இல், தன்னையும் தன்னைப் படைத்தவரையும் தவிர ஐயத்திற்கு இடமின்றித் தெளிவானது வேறொன்றும் இல்லை என்னும் உணர்வு அவருக்கு ஏற்பட்டது. அதுவே தொடக்கம். அங்கிருந்து கத்தோலிக்கத் திருச்சபையின் வாசலுக்கு வந்துசேர இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. 1839 கோடையில் ஐந்தாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அக்காலத்து முரண்கொள்கையினரின் இடத்தில் தாமே நிற்பதுபோல, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல, அவருக்குத் தோன்றியது. சில வாரங்களில் வேறோர் அதிர்ச்சி. புனித அகுஸ்தினார் தொனாத்துக் கொள்கையினருக்கு எதிராக எழுதிய சிறு சொற்றொடர் ஒன்றை ஒரு கட்டுரையில் காண நேர்ந்தது. உலகெங்கும் பரவிய திருச்சபை ஒருமித்து வழங்கும் தீர்ப்பு பிழைபடாது என்பது அதன் கருத்து. அச்சொற்கள் அவரை விடாமல் துரத்தின. தோட்டத்தில் அகுஸ்தினாரின் காதில் விழுந்த குழந்தையின் குரல்போல அவை தமக்கு ஒலித்தன என்று அவரே குறிப்பிடுகிறார்.

இங்கே ஒரு முரண் இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். "நானும் என் படைத்தவரும்" என்று தொடங்கிய ஒரு மனம், தனிமையின் உச்சியில் நின்ற ஒரு மனம், "உலகெங்கும் உள்ள மக்களின் தீர்ப்பு" என்னும் சொல்லால் உடைபடுகிறது. தனிப்பட்ட நம்பிக்கை ஆழமாகப் போகப் போகத் தனிமையில் முடியாமல் மக்கள் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து விடுகிறது. 'அப்பொலோகியா'வின் சாரம் இதுவே என்று நாம் கருதுகிறோம். 1845 அக்டோபர் 8ஆம் நாள் இரவு, மழையில் முழுவதும் நனைந்து லிட்டில்மோர் வந்துசேர்ந்தார் தொமினிக் பார்பெரி என்னும் இத்தாலியக் குரு. ஆக்ஸ்போர்டின் பேரறிஞர் அந்த எளிய துறவியின்முன் மண்டியிட்டு ஒப்புரவு அருளடையாளம் பெறத் தொடங்கினார். மறுநாள் திருச்சபையில் ஏற்கப்பட்டார். இருபத்தொன்பது ஆண்டு வாதங்கள் கடைசியில் மண்டியிடுதலில் முடிந்தன.

எண்ண இசைவும் மெய் இசைவும்

தம் மனம் நடந்த வழியைச் சொல்லியாயிற்று. ஆனால் அந்த வழி அறிவுக்குப் பொருந்துவதுதானா? மெய்ப்பிக்க முடியாத ஒன்றை உறுதியாக நம்புவது எப்படி நேர்மையாகும்? இக்கேள்விக்கு விடை எழுத அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் முயன்று முயன்று கைவிட்டார். 1866இல் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கு மேலுள்ள மலையூர் ஒன்றில் தங்கியிருந்தபோது திறவுகோல் கிடைத்தது. நான்கு ஆண்டுகளில் 'இசைவின் இலக்கணம்' வெளிவந்தது.

மனம் ஓர் உண்மையை ஏற்கும் முறை இருவகை என்கிறார் நியூமன். ஒன்றை எண்ண இசைவு என்போம். மற்றதை மெய் இசைவு என்போம். எண்ண இசைவில் நாம் ஏற்பது ஒரு கருத்தை. அது சரியானது, முறையானது. ஆனால் அதற்கு முகம் இல்லை. மெய் இசைவில் நாம் ஏற்பது ஒரு பொருளை, ஓர் ஆளை, ஒரு நிகழ்வை. அது நம் கற்பனையைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாக விருப்பத்தைத் தொட்டு, கையையும் காலையும் அசைய வைக்கிறது. நம் தொடக்கக் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஞாயிறுதோறும் மறுப்பின்றி, உணர்வுமின்றி நாம் சொல்லும் 'ஆமென்' எண்ண இசைவே.

'மெய்' என்னும் நம் சொல் இந்த இடத்தில் பேருதவி செய்கிறது. அது உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நம்பிக்கையும் அப்படித்தான், உடலில் புலப்படாதவரை அது எண்ணமே. மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 'நம்பு' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். விசுவாசம் என்று முன்பு வழங்கிய நாம் இன்று நம்பிக்கை என்கிறோம். அந்தச் சொல்லின் அடியில் கருத்தை ஏற்பதற்கும் முன்பாக விரும்புதல் என்னும் பொருள் உறைந்து கிடக்கிறது. நியூமன் ஒரு நூல் முழுவதும் விளக்க முயன்றதை நம் மொழி ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மிகவும் கூர்மையானது. அடிமை வாணிபம் கொடியது என்பதைப் பலர் நெடுங்காலமாகவே ஒப்புக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த ஒப்புதல் எவரையும் அசைக்கவில்லை. எண்ணற்ற துண்டு வெளியீடுகளும் மேடைப் பேச்சுகளும் கிளர்ச்சியும் சேர்ந்து அந்தக் கொடுமையை மக்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய பிறகே ஒப்புதல் செயலாயிற்று. கிறிஸ்தவ நாடொன்று, தினமும் ஆலயத்திற்குப் போய்க்கொண்டே, ஒரு பாவத்தைப் பாவம் என்று ஒப்புக்கொண்டே, அதிலேயே வாழ முடிந்தது என்பதல்லவா இதன் பொருள்?

மெய்ப்பித்தல் பற்றி அவர் சொல்வதும் நமக்கு உதவும். பிரிட்டன் ஒரு தீவு என்பதில் அந்நாட்டார் எவருக்கும் ஐயமில்லை; ஆனால் அதைச் சுற்றிவந்து பார்த்தவர் எத்தனை பேர்? வாழ்வின் பெரும் உறுதிகள் ஒற்றைச் சான்றில் தொங்குவதில்லை. பல சிறு இழைகள் முறுக்கிய வடம்போல, தனித்தனியே வலுவற்ற பல காரணங்கள் ஒன்றுகூடி ஒரு மனிதரைத் தாங்குகின்றன. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து "ஆம்" என்று துணியும் ஆற்றலுக்கு அவர் ஒரு பெயர் வைக்கிறார். துணிபுணர்வு என்று அதை நாம் தமிழில் சொல்லலாம். வானத்தைப் பார்த்து மழை வருமென்று சொல்லும் உழவரிடமும், முகத்தைப் பார்த்தே பிள்ளைக்கு நோயென்று அறியும் தாயிடமும் இருப்பது அதுதான். காரணம் கேட்டால் அவர்களுக்கு முழுவதும் சொல்லத் தெரியாது. அதனால் அவர்கள் அறிவு பொய்யாகிவிடுமா?

நூலில் நம்மை நிறுத்திவைக்கும் ஓர் இடம் உண்டு. மொந்தேன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றி நியூமன் பேசுகிறார். செல்வம், உடல்நலம், ஓய்வு, நிறைந்த நூலகம் எல்லாம் வாய்த்தவர் அவர். வாழ்வின் பெரிய கேள்விகளோடு விளையாட அவருக்கு வசதி இருந்தது. அவருக்கு எதிரே நியூமன் ஒரு கதையிலிருந்து இறக்கும் தறுவாயிலுள்ள ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆலை இரைச்சலில் உழைத்தே தேய்ந்துபோன இந்த வாழ்வுதான் எல்லாம் என்றால், தன் கண்ணீரைத் துடைக்கக் கடவுள் ஒருவர் இல்லையென்றால், தனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்கிறாள் அவள். மெய்யியல் நூலொன்றில் ஓர் ஏழைப் பெண்ணின் புலம்பல் வாதமாக ஏற்கப்படுகிறது. கடவுளைப் பற்றிய கேள்வியில் வசதியாக அமர்ந்திருப்பவரைவிட வலியில் கிடப்பவருக்குப் பார்வை தெளிவாக இருக்கலாம் என்று ஓர் ஆக்ஸ்போர்டு அறிஞர் ஒப்புக்கொள்கிறார்.

சொந்த நம்பிக்கை, தனிச்சொத்து அன்று

நம்பிக்கை இவ்வளவு தனிப்பட்டதென்றால், "என் மதம் என் சொந்த விஷயம், அவரவர்க்குத் தோன்றியது அவரவர்க்கு உண்மை" என்று சொல்லிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இன்று நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். நியூமனைக் கொண்டே அதை நிறுவ முயல்வோரும் உண்டு. அது அவரைப் பாதியாக வெட்டுவதாகும். 1879இல் கர்தினாலாக நியமிக்கப்பெற்ற செய்தியை உரோமையில் பெற்றுக்கொண்டு ஆற்றிய உரையில், மதம் வெறும் விருப்பமும் உணர்ச்சியுமே, அதில் உண்மை என்று ஒன்றில்லை என்னும் போக்கைத்தான் தாம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்ததாக அவர் கூறினார். நான் இசைவது எனக்குள் நிகழ்கிறது. ஆனால் நான் எதற்கு இசைகிறேனோ அது எனக்கு வெளியே இருக்கிறது. தாகம் என்னுடையது, கிணறு என்னுடையதன்று.

நம்பிக்கை பொதுவானது என்பதால்தான் பொதுநிலையினரைப் பற்றி அவர் அத்துணை துணிவோடு எழுத முடிந்தது. 1859இல் ஓர் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, கோட்பாட்டுக் காரியங்களில் இறைமக்களின் கருத்தைக் கேட்டறிவது பற்றியது. 325இல் நிசேயாப் பொதுச்சங்கம் கிறிஸ்துவின் இறைத்தன்மையை அறிக்கையிட்ட பின்னர், ஆரியுசின் கொள்கை பரவிய பல பத்தாண்டுகளில், ஆயர்கள் பலர் தடுமாறியபோது நம்பிக்கையைக் காத்து நின்றவர்கள் எளிய மக்களே என்று வரலாற்றைக் கொண்டு அவர் காட்டினார். அதற்காக அவர் உரோமைக்குப் புகார் செய்யப்பட்டார். அவரை இங்கிலாந்திலேயே ஆபத்தான மனிதர் என்று எழுதினார் ஒரு பேரருட்திரு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில், இறைமக்கள் அனைவரின் நம்பிக்கை உணர்வு பிழைபடாதது என்று போதித்தது. 'அப்பொலோகியா' வெளிவந்து அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் காணும் குறைகள்

இந்த இரு நூல்களையும் போற்றுகிற நாம், அவற்றின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, துணிபுணர்வு பற்றியது. நேர்மையான இருவர் ஒரே சான்றுகளைக் கொண்டு எதிரெதிர் முடிவுக்கு வந்தால் என்ன செய்வது? இது ஏட்டளவிலான கேள்வி அன்று. நியூமனின் வீட்டிலேயே எழுந்த கேள்வி. அவருடைய தம்பி பிரான்சிஸ் கிறிஸ்தவக் கோட்பாடுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, 1850இல் தம் நம்பிக்கை மாறிவந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். மற்றொரு தம்பி சார்லஸ் கடவுளே இல்லையென்றார். ஒரே தாய் சொல்லிக்கொடுத்த செபம், ஒரே விவிலியம், மூன்று வழிகள். ஒவ்வொருவரும் முன்கூட்டியே கொண்டிருக்கும் மனநிலையும் மனச்சான்றின் விழிப்பும் முடிவை வேறுபடுத்துகின்றன என்பார் நியூமன். அது உண்மையே. ஆனால் பிரிந்துபோன தம்பி குறைந்த மனச்சான்று உடையவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம் குடும்பங்களிலும் இப்படிப் பிரிந்து போனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி 'இசைவின் இலக்கணம்' நமக்குத் தரும் ஆறுதல் குறைவே.

இரண்டாவது, இந்நூல்களின் உலகம் பெரும்பாலும் ஆண்களும் நூல்களும் நிறைந்த உலகம். ஆலைப் பெண் வருகிறாள். ஆனால் ஒரு கதையிலிருந்து எடுத்த மேற்கோளாக வந்து மறைகிறாள். நியூமன் ஏழைகளை அறியாதவர் என்று சொல்வது நியாயமாகாது. 1849இல் பில்ஸ்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது உதவி செய்யப் புறப்பட்டுப் போனவர் அவர். தொழில் நகரமான பர்மிங்காமில்தான் தம் பிற்கால வாழ்வைக் கழித்தார். ஆயினும் அந்த அனுபவம் அவருடைய இலக்கணத்திற்குள் போதிய அளவு நுழையவில்லை.

இந்தக் குறையை நிறைவு செய்வதுபோல ஒரு நிகழ்வு அமைந்தது. 2019 அக்டோபர் 13 அன்று அவரோடு புனிதராக அறிவிக்கப்பெற்றவர்களுள் ஒருவர், நம் பக்கத்து மாநிலத்தைச் சேர்ந்த மரியம் திரேசியா. 1876இல் திருச்சூர்ப் பகுதியிலுள்ள புத்தன்சிறையில் பிறந்து, நோயுற்றோரையும் உடைந்துபோன குடும்பங்களையும் வீடு வீடாகத் தேடிச் சென்றவர், 1914இல் திருக்குடும்பச் சபையை நிறுவியவர், 1926இல் இறந்தவர். மெய் இசைவு என்றால் என்னவென்று அவர் நூல் எழுதவில்லை. அவருடைய கால்கள் நடந்தன. ஒரே நாளில், ஒரே பலிபீடத்தின்முன் இருவரையும் திருச்சபை சேர்த்து நிறுத்தியது. ஒருவர் இலக்கணம் என்றால் மற்றவர் இலக்கியம் என்போம். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பது நம் மரபு.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர்

புதுப்பித்தல் என்னும் சொல்லை நாம் இன்று அதிகமாகவே கேட்கிறோம். மறைமாவட்டத்திற்கு ஒரு திட்டம், பங்கிற்கு ஒரு கூட்டம், ஆண்டிற்கு ஒரு மையக்கருத்து. இவை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஆனால் எண்ண இசைவோடு எண்ண இசைவைக் கூட்டினால் மெய் இசைவு வந்துவிடாது. புதிய பாடலும் புதிய பதாகையும் பழைய தூக்கத்தைக் கலைக்கப் போதுமானவை அல்ல.

அதற்காக மனப்பாடத்தை இகழவும் கூடாது. சின்னக் குறிப்பிடத்தைக் கேள்வி பதிலாக ஒப்புவித்த தலைமுறையைப் பார்த்து இன்று சிலர் சிரிக்கிறார்கள். நியூமன் சிரிக்கமாட்டார். பள்ளியில் பொருள் உணராமல் மனப்பாடம் செய்த பழங்கவிஞரின் வரிகள், பல ஆண்டுகள் கழித்து, வாழ்வில் அடிபட்ட ஒருவரின் நெஞ்சை முதன்முறையாகத் தைப்பதை அவர் அழகுற எடுத்துரைக்கிறார். மனப்பாடம் விதைநெல். அதைப் பானையில் வைத்துக் காப்பதும் வேண்டும். மண்ணில் இடும் நாளும் வரவேண்டும்.

அந்த நாள் எப்படி வரும் என்பதற்கு நாம் அறிந்த ஒன்றைச் சொல்லி முடிப்போம். எம் தாயாரை எம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, குழியின் அருகே நின்று எல்லாரோடும் சேர்ந்து நம்பிக்கை அறிக்கையைச் சொன்னோம். உடலின் உயிர்ப்பு என்னும் சொற்கள் வந்ததும் குரல் நின்றுவிட்டது. ஆயிரம் முறை சொன்ன வாசகம். அன்று அது ஆறுதலாக வரவில்லை, கேள்வியாக வந்தது. இது உண்மையா? இந்த உடல், எமக்குச் சோறூட்டிய இந்தக் கை, எழுமா? அதுவரை அந்த வாசகத்தை நாம் ஐயுற்றதே இல்லை. ஐயுறும் அளவுக்கு அதன் அருகே போனதே இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

கண்ணை நிமிர்த்தியபோது எதிரே ஒரு சுவர் தெரிந்தது. சிறு வயது முதல் பார்த்த சுவர். அதற்கு அப்பால் ஊரின் வேறொரு தெருவைச் சேர்ந்த கத்தோலிக்கர்களின் கல்லறைகள். ஒரே நற்கருணையை உண்டவர்கள். ஒரே அறிக்கையைச் சொன்னவர்கள். புதைக்கும்போது மட்டும் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டவர்கள். உடலின் உயிர்ப்பு உண்மையானால், எழுந்து நிற்கும் அந்நாளில் இந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்தில் எம் தாய் நிற்பார்? அடிமை வாணிபம் தீது என்று ஒப்புக்கொண்டே வாழ்ந்த அந்நாட்டாரை எண்ணி முன்னர் நாம் வியந்தோமே. அவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? தீண்டாமை பாவம் என்பதை நம்முள் மறுப்பவர் எவர்? 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டிற்கெனக் கொள்கை ஆவணமே வெளியிட்டது. நாமும் அதை ஏற்றோம், எண்ணத்தில். சுவர் நின்றது, மெய்யில்.

தம் நினைவுக் கல்லுக்கென்று நியூமன் தாமே தேர்ந்துகொண்ட வாசகம், நிழல்களிலும் சாயல்களிலும் இருந்து உண்மைக்குள் போவதைப் பற்றியது. அந்தப் பயணம் இறந்த பிறகு தொடங்குவது என்று அவர் நினைத்திருந்தால் இந்த இரண்டு நூல்களையும் எழுதியிருக்கமாட்டார். நம்பிக்கை அறிக்கையின் ஏதேனும் ஒரு வரி ஏதேனும் ஒரு நாளில் நம்மைத் தடுக்கி விழச்செய்யும். அன்று எழுந்து தூசியைத் தட்டிவிட்டுப் போய்விடாமல், எந்தக் கல் தடுக்கியது என்று திரும்பிப் பார்ப்போமானால், புதுப்பித்தல் அங்கே தொடங்கிவிடும். அடுத்த ஞாயிறு நாம் மறுபடியும் எழுந்து நிற்போம். அதே வாசகங்கள்தாம். ஒரே ஒரு வரியையாவது மெதுவாகச் சொல்லிப் பார்ப்போம்.